பழைய இம்போர்ட்டட் சொகுசு கார் பளபளன்னு விலைக்கு வந்திருக்கா? வாங்குறதுக்கு முன்னாடி இப்படி பாருங்க

விக்கிறவர்கிட்ட வர்ற நேரத்த சொல்லும்போதே இதையும் சொல்லிடுங்க, "நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க". போன உடனே பானட்ட தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுறது நல்லது, ஏன்னா ராத்திரி முழுக்க நின்ன என்ஜின் சொல்ற உண்மைய சூடான என்ஜின் சொல்லாது. சாவிய திருப்பின முதல் சில செகண்ட்லதான் டைமிங் செயின் (என்ஜின் வால்வுகள சரியான நேரத்துல திறக்க வைக்கிற சங்கிலி) உதறுற சத்தம், பின்னாடி வர்ற நீலப்புகை எல்லாம் தெரியும். நீலப்புகைன்னா ஆயில் எரியுது, ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்து நின்னுட்டா பெரும்பாலும் வால்வ் சீல் (வால்வு வழியா ஆயில் உள்ள இறங்காம தடுக்கிற ரப்பர்) போயிருக்கும். வெள்ளை ஆவி முதல்ல கொஞ்சம் வந்தா பரவால்ல, என்ஜின் நல்லா சூடான பிறகும் வந்துட்டே இருந்து கூலண்டும் (என்ஜின குளிர்விக்கிற தண்ணி) குறையுதுன்னா ஹெட் கேஸ்கெட்ட (என்ஜினோட மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல இருக்கிற அடைப்பு) சந்தேகப்படணும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி கார் விளம்பரத்துல எல்லாரும் மயங்குறது "ரொம்ப கம்மியா ஓடின வண்டி, ஷெட்லயே நின்னது"ங்கிற வார்த்தைக்கு. நானும் மயங்கினவன்தான். பல வருஷம் சும்மா நின்ன ஒரு பெரிய ஜெர்மன் செடான் வாங்கினேன், லெதர் புதுசு மாதிரி, பெயிண்ட்ல முகம் பாக்கலாம். வாங்கி ஓட்ட ஆரம்பிச்ச பிறகு ஒண்ணொண்ணா வந்துச்சு, ஸ்டியரிங் ஹோஸ் கசிஞ்சது, பிரேக் காலிப்பர் (பிரேக் போட்டா டிஸ்க்க அமுக்கிப் பிடிக்கிற பாகம்) இறுகிப் போச்சு, பெட்ரோல் டேங்க்ல பழைய பெட்ரோல் பிசினாகி பம்ப் போச்சு. ஓட்டினதால தேயுறது ஒரு வகை, நின்னதால கெடுறது இன்னொரு வகை, ரெண்டாவதுதான் கண்ணுக்கு தெரியாது. ரப்பர் காயும், ஆயில் சீல் சுருங்கும், பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும் (அதனாலதான் ஓடலைனாலும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு பல கம்பெனிங்க சொல்றாங்க). அதனால மாசாமாசம் ஓட்டி, வருஷாவருஷம் ஆயில் மாத்தி, பில்ல எல்லாம் ஒரு ஃபைல்ல வச்சிருக்கிற ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வண்டிதான், நின்னே கிடந்த முப்பதாயிரம் கிலோமீட்டர் வண்டிய விட எனக்கு நல்லா பாதுகாத்த வண்டி.

அந்த ஃபைல்லதான் பாதி நேரம் செலவு பண்ணணும். ஒவ்வொரு பில்லுலயும் தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையா எழுதிட்டே வாங்க, எங்கயாவது கிலோமீட்டர் பின்னாடி போனா அங்கயே பேச்ச நிறுத்திடலாம். மீட்டர குறைச்சிடலாம், ஆனா பிரேக் பெடல் ரப்பரு, ஸ்டியரிங்ல கை படுற இடம், டிரைவர் சீட்டோட வெளிப்பக்க ஓரம் இதெல்லாம் சேந்து பொய் சொல்லாது. நாப்பதாயிரம்னு மீட்டர் காட்டுது, பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருக்கு, இல்ல பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதுசா இருக்குன்னா ரெண்டுமே கேள்வி கேக்க வேண்டிய விஷயம். டயர்ல டாட்னு போட்டு வர்ற வரிசையோட கடைசி 4 நம்பர பாருங்க, 3219னு இருந்தா 2019ம் வருஷம் 32வது வாரம் செஞ்சது. பள்ளம் முழுசா இருந்தாலும் 10 வருஷம் தாண்டின டயர நம்பி ஒரு கனமான வண்டிய வேகமா ஓட்டக்கூடாது.

இம்போர்ட் ஆன வண்டிக்கு இன்னொரு வேலை இருக்கு. 1981ல இருந்து உலகத்துல பல நாட்டுக்கு போற காருக்கு 17 எழுத்து சேஸிஸ் நம்பர், அதுல ஆங்கில எழுத்து ஐ, ஓ, க்யூ மூணும் வராது, அதுல ஏதாவது இருந்தா யாரோ தப்பா எழுதியிருக்காங்க இல்ல நம்பர மாத்தி அடிச்சிருக்காங்க. முதல் எழுத்து டபிள்யூன்னா ஜெர்மனி, ஜேன்னா ஜப்பான். ஜப்பானுக்குள்ளயே விக்க செஞ்ச வண்டில மட்டும் இந்த 17 இருக்காது, மாடல் கோடும் சீரியலும் சேந்த சின்ன நம்பர்தான், அத பாத்து பயந்துடாதீங்க. பாடில அடிச்ச நம்பர், பேப்பர்ல உள்ள நம்பர், சுங்க வரி கட்டின ரசீதுல உள்ள நம்பர் மூணும் ஒண்ணா இருக்கணும். வரி ரசீது "அப்புறம் தர்றேன்"னு சொன்னா, பணத்தையும் அப்புறம் தர்றேன்னு சொல்லுங்க.

பாடிய வெயில் வெளிச்சத்துல பாருங்க, ஷெட்டுக்குள்ள வேணாம், மழை நனைஞ்ச வண்டியும் வேணாம், தண்ணி எல்லாக் குறையையும் மறைக்கும். பெயிண்ட் தடிமன் அளக்குற கருவி கிடைச்சா கொண்டு போங்க, பேக்டரி பெயிண்ட் பொதுவா 100ல இருந்து 180 மைக்ரான் சுத்தி இருக்கும், ஒரு கதவுல மட்டும் 400, 500னு ஏறுதுன்னா அடில பட்டி (அடிபட்ட இடத்த பூசி நிரப்புற பசை) இருக்கு. காந்தம் வச்சு பாக்குற பழைய வழி எல்லா வண்டிக்கும் ஒத்து வராது, 2003ல வந்த ஜாகுவார் எக்ஸ்ஜேக்கு உடம்பே அலுமினியம், காந்தம் ஒட்டாது. கண்ணாடி ஓரத்துல இருக்கிற முத்திரை எல்லாத்துலயும் ஒரே மாதிரியா, டிக்கி மேட்ட தூக்கினா ஸ்பேர் டயர் குழில தண்ணி நின்ன கறை இருக்கா, ஜாக்கி வைக்கிற இடத்துல துரு இருக்கா, இத மட்டும் விட்றாதீங்க.

மாடலுக்கு மாடல் தனி வியாதி உண்டு, போறதுக்கு முன்னாடி படிச்சிட்டு போங்க. 90கள் முதல் பாதில வந்த மெர்சிடிஸ்ல, டபிள்யூ124, டபிள்யூ140ன்னு கம்பெனி கோடு உள்ள ரெண்டு மாடல்லயும், என்ஜின் வயரிங் மேல இருக்கிற உறை காஞ்சு பொடிப்பொடியா உதிரும், மாத்தியாச்சான்னு பில்லோட கேக்கணும். டபிள்யூ140ல ஏசி எவாப்பரேட்டர் (காத்த குளிராக்குற பாகம்) கசிஞ்சா டேஷ்போர்டு முழுக்க கழட்டணும், பார்ட்ஸ் விலைய விட கூலி அதிகமாகிடும், அதனால ஏசி "கேஸ் மட்டும் அடிக்கணும்"னு சொன்னா நம்பாதீங்க, கேஸ் எங்கயோ போகுதுன்னுதான் அர்த்தம். 1989ல வந்த லெக்சஸ் எல்எஸ்400 என் மனசுக்கு ரொம்ப பிடிச்ச வண்டி, ஆனா அதுலயும் பவர் ஸ்டியரிங் ஆயில் கசிஞ்சு நேரா ஆல்டர்னேட்டர் (பேட்டரிய சார்ஜ் பண்ற பாகம்) மேல விழும், டைமிங் பெல்ட்ட கிலோமீட்டர் ஆகலைனாலும் வருஷக் கணக்குப்படி மாத்தியிருக்கணும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை வண்டிய தாங்குறது) உள்ள வண்டின்னா, டபிள்யூ220 எஸ் கிளாஸ் மாதிரி, நீங்க போகும்போதே ஒரு மூலை தாழ்ந்து நிக்குதான்னு பாருங்க, ஸ்டார்ட் பண்ணினதும் அது ஏறிடும் அப்புறம் தெரியாது. பிஎம்டபிள்யூல கூலிங் சிஸ்டத்துல பல பாகம் பிளாஸ்டிக்கு, வயசானா உடையும்.

ஓட்டும்போது பாட்டு வேணாம், விக்கிறவர் பேசுறதையும் கொஞ்சம் நிறுத்த சொல்லுங்க. குறைஞ்சது அரை மணி நேரம், டிராபிக்லயும் வேகமா போற ரோட்லயும். கியர் மாறுறது உங்களுக்கு தெரியவே கூடாது, டிரைவ்ல போட்டதும் ஒரு இழுவை தாமதமோ டொக்குன்னு ஒரு இடியோ வந்தா கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க, "அது ஆயுசுக்கும் மாத்த வேணாம்"னு பதில் வந்தா இதுவரைக்கும் மாத்தலைன்னு எடுத்துக்குங்க. திரும்பி வந்ததும் அஞ்சு நிமிஷம் நியூட்ரல்ல ஓட விட்டு டெம்பரேச்சர் முள்ள கவனிங்க, அப்புறம் ஒவ்வொரு சுவிட்சையும் அமுக்குங்க, நாலு கதவு கண்ணாடி, சீட் மோட்டார், சன்ரூஃப், பின்சீட் திரை வரைக்கும். இந்த வண்டில சின்ன சுவிட்சுன்னு ஒண்ணும் கிடையாது, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு மோட்டாரும் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கு.

எல்லாம் சரியா இருந்து வாங்கிட்டீங்கன்னா, முதல் வாரத்துலயே எல்லா ஆயிலும், கூலண்டும், பெல்ட்டும், பழைய ஹோஸும் மாத்திடுங்க, அந்தப் பணத்த விலை பேசும்போதே ஒதுக்கி வச்சுக்கணும். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆயில் நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டுங்க. கவர் போட்டு மூடி வச்சிடாதீங்க.