கூடாரத்தை வளவுக்குள் அடியுங்கள், காட்டுக்குக் காலையில் போங்கள்

வெளிநாட்டிலிருந்து வன்னிப் பக்கத்து ஊருக்கு வந்து, கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கி, பிள்ளைகளுக்குக் காட்டு மரங்களைக் காட்டப்போகிறோம் என்று சொந்தக்காரருக்குச் சொல்லும்போது ‘முகாம்’ என்ற சொல்லை மட்டும் பாவிக்காதீர்கள். நான் பாவித்தேன். தொலைபேசியில் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, “ஏன் பிள்ளை, நாங்கள் இருக்கிறம்தானே, உங்களுக்கேன் முகாம்?” என்றார். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லோடு வருவது இராணுவமும் அகதி வரிசையும்தான். “மடுவுக்குப் போய் இருக்கிற மாதிரி” என்று சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிற பழக்கம் எங்களிடம் எப்போதிருந்தோ இருக்கிறது.

வன்னிக் காட்டுக்குள் எங்கே கூடாரம் அடிக்கலாம் என்பதுதான் பலரும் கேட்கிற முதல் கேள்வி. என்னைக் கேட்டால், காட்டுக்குள் வேண்டாம். வில்பத்து போன்ற தேசியப் பூங்காவில் தங்க வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். அப்படித் தங்கினாலும், குறித்த சில இடங்களைத் தவிர வாகனத்தைவிட்டு இறங்கக் கூடாது. மரம் பார்க்கிற நடைக்கு அது சரிவராது. வனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடுகளுக்கும் அனுமதி வேண்டும். குளக்கட்டு பார்க்க அழகான இடம்தான், ஆனால் பொழுதுபட்டால் யானை தண்ணீருக்கு வருவதும் அங்கேதான்.

நான் சொல்வது இதுதான்: மாங்குளம், புளியங்குளம், நெடுங்கேணிப் பக்கம் சொந்தக்காரரின் வளவு இருந்தால், கிணற்றடிக்குக் கிட்ட கூடாரத்தை அடியுங்கள். கிணறு, கழிப்பறை, நாய் எல்லாம் பக்கத்தில் இருக்கும். பிள்ளைகள் இரவில் நட்சத்திரம் பார்க்கலாம், அம்மம்மா உள்ளே கட்டிலில் படுக்கலாம். தென்னைக்குக் கீழே மட்டும் அடிக்காதீர்கள். தேங்காய் விழ வேண்டியதில்லை, ஒரு காய்ந்த மட்டை விழுந்தாலே போதும்.

மார்கழி விடுமுறையில் வருகிறவர்கள் கூடாரத்தை மறந்துவிடுங்கள், அது மழைக்காலம். ஆடி ஆவணியில் நிலம் காய்ந்து கிடக்கும், சோளகம் பலமாக வீசும். சருகுக்குக் கிட்ட நெருப்பு மூட்டவே கூடாது. சமையலை வீட்டு அடுப்பிலேயே முடித்துவிடுங்கள். கூடாரக்காரர் பாவிக்கிற சின்ன எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கே தேடி அலைவதும் வீண் வேலை.

நடைக்கு வருவோம். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டு ஒன்பதரைக்குள் திரும்பிவிடவேண்டும். வழிகாட்டி என்று யாரையும் தேடி ஓடாதீர்கள். விறகு வெட்டியோ தேன் எடுத்தோ மாடு மேய்த்தோ பழகிய ஒரு ஐயா ஊரில் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள், கூலியைத் தயங்காமல் கொடுங்கள். எங்களோடு வந்தவர் இலையைப் பார்க்கவேயில்லை. கத்திப் பிடியால் அடிமரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “பாலை” என்றார். மகள் கைபேசியில் படம் எடுத்துப் பெயர் தேட, சிக்னல் போய்விட்டது. அப்புறம் அவளும் தட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

பாலையில் தொடங்குவது நல்லது. பட்டை கறுத்து, ஆழமாக வெடித்திருக்கும். இலைகள் கொப்பு நுனியில் கொத்தாக நிற்கும். ஒரு இலையைக் கையில் எடுத்து நுனியைப் பாருங்கள்: கூராக இருக்காது, நகத்தால் கிள்ளிவிட்டதுபோலச் சின்னப் பள்ளம் இருக்கும். கிள்ளினால் பால் வரும். வைகாசி ஆனியில் மஞ்சள் பழம் பழுக்கும். இனிப்பென்று பிள்ளைகள் அள்ளித் தின்றால் உதடு இரண்டும் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். என் மகன் அரை மணித்தியாலம் வாயைத் திறக்கத் தயங்கினான், எங்களுக்கும் கொஞ்சம் அமைதி கிடைத்தது. ஒன்று கவனம்: அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும், மரத்திலும் ஏறும். பழக்காலத்தில் உட்காட்டுக்குப் போகாமல் ஊரோரத்து மரங்களோடு நின்றுகொள்ளுங்கள்.

பாலைக்குப் பக்கத்திலேயே அநேகமாக வீரை நிற்கும். அடிமரம் நேராக இராது, முறுக்கிப் பிழிந்த துணிபோலப் பள்ளமும் மேடுமாக இருக்கும். முதிரையைப் பட்டையிலேயே பிடிக்கலாம், தக்கைபோல மென்மையாக, வெளிர் நிறமாக இருக்கும். உங்கள் தாத்தா வீட்டுக் கதவு எந்த மரம் என்று கேட்டுப் பாருங்கள், முதிரை என்று பதில் வர வாய்ப்பு அதிகம். மருது ஆற்றோரத்து மரம். வழுவழுப்பான வெளிறிய பட்டை தகடாக உரியும், காயில் ஐந்து சிறகு இருக்கும். மடுவின் முழுப்பெயர் மருதமடு என்பதை அந்த மரத்தடியில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று தேத்தா. இலையின் அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்பு பிரிந்து ஓடும். கொட்டையைப் பானையின் உட்பக்கத்தில் உரைத்துக் கலங்கல் தண்ணீரை ஊற்றிவைத்தால் மண்டி அடியில் படிந்துவிடும். கொட்டை கிடைத்தால் இரண்டு கண்ணாடிப் போத்தலில் கலங்கல் தண்ணீரை எடுத்து, ஒன்றில் மட்டும் உரைத்துப் பாருங்கள். எங்கள் நடையில் பிள்ளைகள் மறக்காமல் வைத்திருப்பது இதைத்தான்.

காட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதியே போதும். புளியங்குளம், மாங்குளம் என்று பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயராக மரங்கள் வரிசையாக வரும். மன்னார் பூநகரி வீதியில் இலுப்பைக்கடவை, யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தால் நாவற்குழி, வடமராட்சி கிழக்கில் மருதங்கேணி. காரில் வரும்போதே பிள்ளைகள் எண்ணட்டும். வனத் திணைக்கள ஊழியர் சிங்களவராக இருந்தால் பாலைக்குப் பலு, முதிரைக்கு புருத்த, மருதுக்கு கும்புக், இலுப்பைக்கு மீ என்று கேளுங்கள். வீரைக்குப் பெரிய வித்தியாசமில்லை, வீர என்பார்கள்.

ஆபத்து விசயத்தில் மழுப்பக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்காதீர்கள், மிதிவெடி இன்னும் முற்றாக எடுத்து முடியவில்லை. பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டு விலகவேண்டாம். யானை கடைசியாக எப்போது வந்தது என்று முதல்நாளே கேளுங்கள். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, இரவில் கிணற்றடிக்குப் போகவும் ரோச் லைற். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். திரும்பி வந்ததும் பிள்ளைகளின் காதுக்குப் பின்னாலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஞாபகத்துக்கு விதை, பட்டை, கன்று என்று பெட்டிக்குள் வைக்காதீர்கள். இங்கே வெளிக்கிடும்போதும் சிக்கல், அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்கும்போது அதைவிடப் பெரிய சிக்கல். வெள்ளைத் தாளைப் பட்டையில் வைத்து மெழுகுக் கட்டியைப் படுக்கையாகப் பிடித்துத் தேயுங்கள், பட்டையின் கோலம் அப்படியே தாளில் விழும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இப்போதும் பாலையும் முதிரையும் ஒட்டியிருக்கின்றன.

ஒருநாள் மிச்சமிருந்தால் மன்னாரில் பள்ளிமுனைக்குப் போங்கள். அங்கே நிற்கும் பெருக்கமரம் (பாவோபாப்) எங்கள் மண்ணின் மரம் அல்ல, ஆபிரிக்க மரம். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். அடியின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். நாங்கள் ஏழு பேர் கைகோத்து நின்றும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் எட்டியது. மிச்சத்துக்கு ஒரு வேனில் வந்த இன்னொரு குடும்பத்தைக் கூப்பிட்டோம்.