பாலிஷ் போடாத மொட்டை மாடி டெக்: எந்த மரம், எப்படிப் பார்த்து வாங்குவது?

ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடிக்குக் கடற்காற்று தடையில்லாமல் வரும். இந்தக் காற்றிலும் வெயிலிலும் வார்னிஷ் சீக்கிரமே தோல் உரிந்துவிடும். பிறகு சுரண்டு, தேய், மறுபடி பூசு. டெக்குக்கு, அதாவது மாடியில் போடும் மரப்பலகைத் தளத்துக்கு, எதுவுமே பூசாமல் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. நிறம் சாம்பலாகும், அவ்வளவுதான். வெயிலில் மேற்பரப்பின் லிக்னின் (மர நார்களை ஒட்டிவைக்கும் பொருள்) சிதைகிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது. உள்ளே மரம் அப்படியே இருக்கும். ஆனால் பூச்சு இல்லையென்றால் காவல் முழுக்க மரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பலகைகளைத் தாங்கும் அடிச்சட்டம் போடுவது உங்களுக்கே தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக மரவாடிக்குப் போகலாம். மாடித் தளத்தில் மட்டும் துளை போடாதீர்கள்.

1. ஜாதி

தேக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது அந்தக் காலம். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது கானா, ஈக்வடார் போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கும் நிறைய வருகிறது. மரம் அதேதான், வயசு குறைவு.

வேங்கையும் நன்றாக உழைக்கும். ஆனால் வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள்; அதே சாயம் முதல் மழையில் உங்கள் டைல்ஸ் மேல் இறங்கும். மலேசியன் சால் கனமானது, உறுதியானது, ஆனால் அந்தப் பெயரில் பல மரங்கள் விற்கின்றன. மா, ரப்பர் மரப் பக்கமே போக வேண்டாம்.

என் ஓட்டு பழைய தேக்குக்கு. மண்ணடி, ராயபுரம் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகளை (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய வீடுகள்) இடிக்கும்போது தேக்கு உத்திரக் கட்டைகள் வரும். சுருங்க வேண்டியது எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும். அறுவை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் காந்தம் வைத்துத் தேடி, பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் வாள் போய்விடும், மில்காரர் திட்டும் இலவசம்.

2. வெள்ளை

நேரத்தை இங்கே செலவழியுங்கள். மரத்தின் நடுப்பகுதி வைரம், பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி வெள்ளை. பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் சத்து வைரத்தில்தான் இருக்கிறது. எந்த ஜாதி மரமானாலும், தேக்கே ஆனாலும், வெள்ளை வெளியில் தாங்காது. இளசான தோட்டத் தேக்கில் வெள்ளையின் பங்கு அதிகம்.

கடையில் பலகையின் முகத்தைத்தான் காட்டுவார்கள். நீங்கள் இரண்டு தலைப்பையும், அதாவது நீளத்தின் இரு வெட்டு முனைகளையும், பாருங்கள். ஒரு ஓரத்தில் வெளிறிய பகுதி தெரிந்தால் அதுதான் வெள்ளை. ஒரு தலைப்பில் இல்லாதது மறு தலைப்பில் இருக்கலாம், ஏனென்றால் அடிமரம் நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். எண்ணெயோ சாயமோ தடவியிருந்தால் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். விளிம்பில் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

“கொஞ்சம் வெள்ளை இருக்கத்தான் சார் செய்யும்” என்பார்கள். கதவு, அலமாரிக்கு அது சரி. டெக்கில், பலகை சட்டத்தின் மேல் உட்காரும் இடத்தில் ஈரம் தங்கும். வெள்ளை முதலில் உளுப்பது அங்கேதான்.

3. அளவு

ஒரு இஞ்சு கனம், நான்கு இஞ்சுக்கு மேல் அகலம் வேண்டாம். அகலம் கூடினால் பலகை கிண்ணம் போல வளையும். தலைப்பில் வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கும் பலகை கிடைத்தால் விடாதீர்கள், அது அவ்வளவாக வளையாது. கன அடிக் கணக்கு: அகல இஞ்சு × கன இஞ்சு × நீள அடி, அதை 144-ஆல் வகுக்கவும். 4 × 1 × 6 பலகை ஆறு சேர்ந்தால் ஒரு கன அடி. பில் போடும்போது நீங்களும் போட்டுப் பாருங்கள்.

காய்ந்த மரத்தைக் கோடையில் பொருத்தினால் ஐந்தாறு மில்லி இடைவெளி விடுங்கள். ஐப்பசி மழையில் ஊதும்.

4. ஸ்க்ரூ

316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வேறு பேச்சே இல்லை. 304 ரகத்தில் கடற்காற்று பட்டால் பழுப்புக் கறை வரும். சாதா இரும்பு, மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தான டானினோடு சேர்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் கருப்பாகப் படரும். காந்தம் வைத்து 316-ஐ உறுதி செய்ய முடியாது, 304-உம் பெரும்பாலும் ஒட்டாது. பெட்டியில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். முன்துளை போட்டே முறுக்குங்கள்.

பின்சேர்க்கை: பழைய தேக்கு வாங்கிய ஒருவர் கமெண்ட்டில் “அறுத்தால் உள்ளே பொன்னிறம், வெளியே கருப்பு, கெட்ட மரமா?” என்று கேட்டிருந்தார். வெளியே இருப்பது பழைய அழுக்கும் புகையும்தான். சந்தேகம் இருந்தால் கூரிய திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் மட்டும் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். இன்னொருவர் கேட்டது: தலைப்பு வெடிக்கிறதே? அறுத்த அன்றே தலைப்புகளில் மட்டும் மெழுகு தடவுங்கள். பூச்சே வேண்டாம் என்கிற என் கொள்கைக்கு அது ஒன்றுதான் விலக்கு.