முதலையின் வழியா, டைனோசரின் உறவா: ஒரு புதைபடிவத்தை வகைப்படுத்தும் முறை

டிரையாசிக் காலத்து (ஏறத்தாழ 25 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) ஊர்வன ஒன்றின் எலும்புகளை ஆராய்பவர், அது முதலைகளின் கிளையைச் சேர்ந்ததா, டைனோசர்களும் பறவைகளும் அடங்கிய கிளையைச் சேர்ந்ததா என்பதை முடிவு செய்ய வேண்டும். தான்சானியாவில் கிடைத்த டெலியோக்ரேட்டர் என்னும் அழிந்துபோன ஊர்வன இதற்கு நல்ல பாடம். 1933இல் தொல்லுயிரியலாளர் பாரிங்டன் சேகரித்த அதன் எலும்புகளை, மற்றொரு தொல்லுயிரியலாளரான ஆலன் சாரிக் 1950களில் ஆராய்ந்து அந்தப் பெயரைச் சூட்டினார். ஆனால் கணுக்கால் எலும்புகள் கிடைக்காததால் அதன் இடத்தை உறுதிசெய்ய முடியவில்லை. 2015இல் அதே பகுதியில் மேலும் எலும்புகள் கிடைத்த பின்னரே, 2017இல் அது முறைப்படி விவரிக்கப்பட்டது.

முதலில், எலும்புகள் எந்தப் பாறை அடுக்கில், எந்த நிலையில் கிடந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத் தொடை எலும்பு மூன்று இருந்தால், குறைந்தது மூன்று விலங்குகள் கலந்துள்ளன என்று பொருள். மண்டையோடு கிடைத்திருந்தால், கண்குழிக்கும் நாசிக்கும் இடையில் ஒரு திறப்பு உள்ளதா என்று பாருங்கள். முதலைகள், டைனோசர்கள், பறவைகள் எல்லாம் அடங்கிய ஆர்கோசர் வழியை அது உணர்த்தும்.

அடுத்தது கணுக்கால், பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். முதலையில் ஒரு கணுக்கால் எலும்பின் முளை மற்றதன் குழியில் பொருந்தித் திரும்புகிறது. குதிகால் எலும்பு பின்னோக்கி நீண்டிருக்கிறது. டைனோசரிலோ அவ்விரு எலும்புகளும் கீழ்க்காலோடு இறுகி நிற்க, பாதம் கீல்போல முன்னும் பின்னும் மட்டுமே அசைகிறது. டெலியோக்ரேட்டரின் கணுக்கால் முதலையுடையதைப் போன்றது. ஆனால் மண்டையோட்டின் மேல்துளைக்கு முன்னே நெற்றி எலும்பில் உள்ள பள்ளம் பறவை வழிக்கு, அதாவது டைனோசர்களும் பறவைகளும் அடங்கிய கிளைக்கு, உரியது. ஆகவே அந்தக் கணுக்கால் இரு கிளைகளுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்த பழைய அமைப்பு என்றே கொள்ள வேண்டும். பழைய பண்பு ஒன்றைப் பகிர்ந்துகொள்வது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. புதிதாகத் தோன்றிய பண்புகளே சான்று.

பின்னர் ஒவ்வொரு பண்பையும், இல்லையென்றால் 0, இருந்தால் 1 என்பதுபோல, அட்டவணையில் பதியுங்கள். எலும்பு இல்லாத இடத்தில் கேள்விக்குறி இடுவதே நேர்மை; ஊகித்து நிரப்பினால் முடிவு முழுவதும் கோணிவிடும். இவ்விரு கிளைகளுக்கும் வெளியே நிற்கும் தென்னாப்பிரிக்காவின் யூபார்க்கேரியா போன்ற பழைய ஊர்வன ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்து, மிகக் குறைந்த பண்பு மாற்றங்களைக் கோரும் உறவுக் கிளை வரைபடத்தைக் கணினியில் தேடுங்கள். கணுக்கால் பண்புகளை நீக்கிவிட்டு மறுமுறை ஓட்டிப் பார்ப்பது, முடிவு ஒரே உறுப்பைச் சார்ந்து நிற்கிறதா என்பதைக் காட்டும்.

பறவை வழி என்று தெரிந்தாலும் உடனே டைனோசர் என்று எழுதிவிடக் கூடாது. டைனோசர்களின் இடுப்புக்குழி (தொடை எலும்பின் தலை பொருந்தும் குழி) பொதுவாக நடுவில் திறந்திருக்கும். டெலியோக்ரேட்டரில் அது பெரும்பாலும் மூடியே இருக்கிறது, ‘முழுமையான கிண்ணம்’ என்று பொருள்படும் பெயரும் அதைத்தான் குறிக்கிறது.

கடைசியாக, அருங்காட்சியகங்களில் வேறு பெயர்களில் இருக்கும் ஒத்த எலும்புகளோடு ஒப்பிடுங்கள். தெலங்கானாவின் எர்ரபல்லி பாறைகளில் கிடைத்து, 2005இல் பெயரிடப்பட்ட யாராசூக்கஸ், முன்பு முதலை வழியில் வைக்கப்பட்டிருந்தது. இப்போது அது டெலியோக்ரேட்டரோடு அஃபனோசாரியா என்னும் குழுவில் இடம்பெறுகிறது. முதலையைக் குறிக்கும் ‘சூக்கஸ்’ மட்டும் பெயரில் அப்படியே இருக்கிறது, ஏனெனில் உறவு மாறியதற்காகப் பெயரை மாற்றப் பெயரிடல் விதிகள் இடந்தருவதில்லை.