உப்பளத்திலிருந்து சுவருக்கு: ஒரு புகைப்படத் தொடரை எடுப்பதும் விற்பதும்

எந்த அளவில் பிரிண்ட் போடப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 x 4000 பிக்சல், இன்ச்சுக்கு 300 வீதம் 20 x 13 இன்ச் வரை தாங்கும். 30 x 20 என்றால் 200தான் கிடைக்கும். நாலடி தள்ளி நின்று பார்க்க அது போதும். ஓரங்களை வெட்டிச் சரிசெய்யும் பழக்கம் இருந்தால் கணக்கு உதைக்கும்.

தூத்துக்குடி உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் முழுகிவிடும், கோடைதான் காலம். வெயில் ஏறுமுன் வாரிவிட வேண்டும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும், நீங்களும் அப்போதே அங்கே இருக்க வேண்டும். அளத்துக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது. முகம் தெரியும் படத்தை விற்பதாக இருந்தால், அந்தத் தொழிலாளியிடம் விஷயத்தைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கேமராவின் ஒளி மீட்டரை நம்பினால் வெள்ளை உப்பு சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை 1 முதல் 1.5 ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி). ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம், வலது ஓரத்தில் முட்டக்கூடாது. ரா ஃபைலாகவே, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாகவே எடுங்கள். உப்புக்காற்றில் லென்ஸ் மாற்றுவது கேமராவுக்குக் கேடு. ஒரே 35 மி.மீ. லென்ஸோடு போனால் தொடருக்கு ஒரே பார்வையும் அமையும். திரும்பியதும் நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள்.

தேர்வில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 60 படங்களை 4 x 6 அளவில் மலிவாக பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரே சங்கதியைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்று போகவேண்டும், எவ்வளவு அழகாக இருந்தாலும். 12 மிஞ்சினால் நல்ல தொடர்.

பிரிண்ட் இருட்டாக வந்தால் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் மானிட்டர். அதன் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்குக் குறைத்து, பிரிண்ட் போடும் லேபின் ஐ.சி.சி. புரொஃபைலை (அவர்களுடைய பிரிண்டரிலும் காகிதத்திலும் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) போட்டுப் பார்த்துத் திருத்துங்கள். முழு அளவுக்குப் போகுமுன் ஒரு துண்டை மட்டும் சோதனைக்கு அச்சிடுங்கள். 308 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 308 கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத பருத்தி மேட் காகிதம் உப்பின் வெண்மைக்குப் பொருந்தும். ஆனால் அதில் கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது, நிழலை முன்கூட்டியே கொஞ்சம் தூக்கிவிடுங்கள். மை பிக்மென்ட்டாக (நுண்துகள் நிறமி) இருக்கட்டும், டை மை (கரைந்த சாயம்) சீக்கிரம் வெளுக்கும்.

எடிஷன், அதாவது ஒரு படத்துக்கு இத்தனை பிரிண்ட்தான் என்ற வரம்பு, ஒரு வாக்கு. 20 x 13 அளவில் 8, 30 x 20 அளவில் 4, ஆர்டிஸ்ட் புரூஃப் (கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரிண்ட்) 2 என்று அறிவித்தபின் கூட்டக்கூடாது. இன்னொரு அளவில் புதிதாக வெளியிடுவதும் ஏமாற்றுதான். வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 3/8 (எட்டில் மூன்றாவது) என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். யாருக்கு எந்த எண் போனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

விலை? அச்சும் ஃபிரேமும் 7,000 ரூபாய் ஆகிறதென்று வையுங்கள். கேலரி பாதி எடுத்தால், 14,000க்கு விற்றாலும் உங்கள் கையில் நிற்பது பூஜ்யம். நேரில் கேட்பவருக்குக் குறைத்துக் கொடுத்தால் கேலரி அடுத்தமுறை கதவைத் திறக்காது, எங்கும் ஒரே விலை வையுங்கள். பாதி எண்கள் விற்றபின் ஏற்றலாம்.

கடலோர ஊர்களில் கண்ணாடியோடு ஒட்டி ஃபிரேம் போட்டால் ஈரத்தில் படம் கண்ணாடியிலேயே பிடித்துக்கொள்ளும். பிரிக்கப் போனால் மை உரியும். அமிலமில்லாத மவுண்ட் போர்டை (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) இடையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபிரேம் கடைக்காரர் பசை தடவ வந்தால் தடுத்துவிடுங்கள்.