பல்லாங்குழியும் ஒரு குச்சியும்: வீட்டுக் கல்வியின் முதல் மாதம்

பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிப்பது என்று தீர்மானித்த பெற்றோர் பெரும்பாலும் முதலில் செய்வது கடைக்குப் போவதுதான். வண்ண அட்டைகளையும் மரத்துண்டுகளையும் விலையுயர்ந்த பாடத் தொகுப்புகளையும் வாங்கிக் குவித்த மறுநாள், அவை வந்த அட்டைப்பெட்டிக்குள் பிள்ளை உட்கார்ந்து பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க நேரும். எட்டு வயதை ஒட்டிய பிள்ளையுடன், வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றை வைத்தே முதல் மாதத்தை நடத்தும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: சான்றிதழ்க் கவலையை முடித்துவிடுங்கள்

வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி சான்றிதழைப் பற்றியதாகவே இருக்கும் என்பதால், பதிலைத் தயாராக வைத்திருப்பது நல்லது. 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கல்வியைப் பற்றித் தனியே எதுவும் பேசவில்லை. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாக எழுதலாம். அதற்குக் குறைந்தபட்ச வயது 14. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதுவரை நிறையக் காலம் இருக்கிறது. பெரியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: கால அட்டவணையைச் சுருக்குங்கள்

எங்கள் வீட்டில் காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை பாடவேளைகளைப் பிரித்துச் சுவரில் ஒட்டினோம். இரண்டாம் வாரத்திற்குள் அந்தத் தாளைக் கிழித்தது பிள்ளை அல்ல, நான்தான். நாற்பது பேர் இருக்கும் வகுப்பிற்குத் தேவைப்படும் நேரம் ஒரே ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுவதில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் தொடக்கத்திற்குப் போதும்.

மூன்றாம் படி: பல்லாங்குழியில் கணக்கைத் தொடங்குங்கள்

பலகை இல்லையென்றால் தரையில் சுண்ணக்கட்டியால் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை வட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். முத்துகளாகப் புளியங்கொட்டையோ சோழியோ 70 வேண்டும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள். அந்த விதை நஞ்சுள்ளது. வாயில் போடும் வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால், ஆட்டம் முடிந்ததும் முத்துகளை எண்ணி எடுத்து வைப்பதையும் கணக்குப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழிக்கு ஐந்து முத்து இடுங்கள். 14 குழிகளுக்கும் சேர்த்து எத்தனை என்று வாய்ப்பாடு கேட்காமல், பிள்ளையே ஒரு வழி கண்டுபிடிக்கும்வரை விட்டுவிடுங்கள். சிலர் ஐந்தைந்தாகத் தாவுவார்கள். சிலர் ஒரு வரிசைக்கு 35 என்று கண்டு அதை இரட்டிப்பார்கள்.

ஆட்ட விதி ஊருக்கு ஊர் மாறும். எளிய முறை இது: தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து முத்துகளை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் சுற்றி வர வேண்டும். கடைசி முத்தை இட்டதும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் உள்ளவை ஆடியவருக்குச் சொந்தம். அத்துடன் முறை மாறும். நான்கு முத்து சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும் ‘பசு’வை இரண்டாம் வாரத்தில் சேர்க்கலாம்.

இப்போது குழிகளுக்கு ஆட்டம் சுற்றி வரும் வரிசையில் 1 முதல் 14 வரை எண் இட்டு, முதல் குழியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பிள்ளை 1, 7, 13, 5, 12 ஆகிய குழிகளை அடுத்தடுத்து அள்ளியிருக்கும். அப்போது ஐந்தாம் குழி வெறுமையாக இருக்க, ஆறாம் குழியில் உள்ள 7 முத்து கிடைக்கும். ‘வேறு குழியில் தொடங்கினால் கூடுதலாகக் கிடைக்குமா?’ என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். மூன்று நான்கு குழிகளில் ஆடிப் பார்த்து, எதில் தொடங்கினாலும் ஏழுதான் வருகிறது என்று பிள்ளை எரிச்சலுடன் வந்து சொல்லும்போது, ஏன் அப்படி என்பதுதான் அன்றைய பாடம். எல்லாக் குழியிலும் சமமாக முத்து இருக்கும் வட்டத்தில் முதல் குழி என்று தனியாக ஒன்று கிடையாது என்பதை அது தன் சொற்களில் சொல்ல இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். அடுத்த கேள்வி: ஒரு குழியில் 14 முத்து இருந்தால் கடைசி முத்து எங்கே விழும்? அள்ளிய குழியிலேயேதான்.

நான்காம் படி: நிழலை அளந்து பாருங்கள்

மணல் நிரப்பிய வாளியில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, மொட்டை மாடியில் வையுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் குச்சி சாய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பதினொன்று முதல் ஒன்று வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, பக்கத்தில் மணியை எழுதச் சொல்லுங்கள். இடைப்பட்ட நேரத்தில் மாடிப்படி நிழலில் பிள்ளை உட்காரட்டும்; வெயிலில் நிறுத்த வேண்டாம்.

நிழல் மிகக் குட்டையாகும் நேரம் சரியாகப் பன்னிரண்டாக இருக்காது. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையைக் கொண்டு அமைந்தது. சென்னை ஏறத்தாழ இரண்டேகால் பாகை மேற்கே இருப்பதால், பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் சூரியன் அங்கே உச்சிக்கு வர ஒன்பது நிமிடம் தாமதமாகிறது. கோயம்புத்தூரில் இது சுமார் 22 நிமிடம். இதற்கு மேல் பருவத்துக்குப் பருவம் கால் மணி நேரம்வரை முன்னும் பின்னும் நகரும் என்பதால், மாதம் ஒருமுறை அளந்தால் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டிய நாளில் உச்சிவேளையில் குச்சிக்கு நிழலே விழாது. அந்த நாளுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு நாட்காட்டி பார்க்கத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வாசிக்க இலவசமாகக் கிடைப்பவை

பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் வாசிப்பு நிலை வாரியாக உள்ளன. இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். கையால் செய்யும் அறிவியலுக்கு, பழைய பொருள்களிலிருந்து பொம்மை செய்யக் கற்பிக்கும் அரவிந்த் குப்தாவின் தளம் ஒரு புதையல். தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வ் டியூபையும் வைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்து, எது அமுக்கினாலும் வடிவம் மாறாமல் நிற்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள்.

ஆறாம் படி: குறிப்பேடு

தினமும் இரவில் நான்கு வரி எழுதி வையுங்கள். ‘இன்று கணக்கு செய்தோம்’ என்று எழுதினால் பிறகு எதற்கும் பயன்படாது. ‘14 முத்து இருந்த குழியை அள்ளினான்; கடைசி முத்து அதே குழியில் விழுந்ததும், 28 இருந்தாலும் இப்படித்தானே என்று கேட்டான்; நாளை 28 முத்து வைத்துப் பார்க்க வேண்டும்’ என்று எழுதுங்கள். மறுநாள் காலையில் எதில் தொடங்குவது என்பது அந்தக் கடைசி வரியிலேயே இருக்கும்.