தாலி நேரத்திலிருந்து பின்னோக்கி: போட்டோவுக்கு இடம் விட்டுக் கல்யாண நாளைத் திட்டமிடுவது எப்படி?

பத்திரிகையில் “காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்” என்று அச்சடித்தாயிற்று. மண்டபம், சமையல், போட்டோகிராஃபர் எல்லாருக்கும் முன்பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தாலி எப்போது ஏறும் என்று கேட்டுப் பாருங்கள், வீட்டில் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். போட்டோவில் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

சனிக்கிழமை மாலை ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். சடங்கு வரிசை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். கணக்குப் போடும் விதம் ஒன்றுதான்.

படி 1: ஐயரிடம் உட்கார்ந்து பேசுங்கள்

என்னென்ன சடங்கு, எந்த வரிசையில், ஒவ்வொன்றுக்கும் யார் மேடையில் இருக்க வேண்டும், தாலி எத்தனை மணிக்கு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தாலியைத் தள்ளாதீர்கள். அதிலும் வெள்ளிக்கிழமை 9.00 - 10.30 முகூர்த்தம் என்றால் 10.30க்கு ராகு காலம் பிறந்துவிடும். அப்போது எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கேமராவுக்கு யாரும் வழிவிட மாட்டார்கள். நம் கணக்குக்குத் தாலி 8.15 என்று வைப்போம்.

படி 2: அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

8.15 – தாலி
7.40 – கூறைப்புடவை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போவது
7.10 – பெண் மணமேடைக்கு வருவது
6.45 – மாப்பிள்ளை மேடையில் உட்காருவது
6.25 - 7.05 – பெண்ணின் தனிப்படங்கள், அப்பா அம்மா, அண்ணன் தங்கையோடு படங்கள்
3.45 – மேக்கப் ஆரம்பம்

மேக்கப், ஜடை, பூ, முதல் புடவை எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஒன்றரை மணி நேரம் போதும்” என்று மேக்கப் போடுபவர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். மாப்பிள்ளைக்கு முக்கால் மணி நேரமே தாராளம். பெண் தயாராகும் நேரத்தில் ஒரு போட்டோகிராஃபரை மாப்பிள்ளை அறைக்கு அனுப்பிவிடலாம்.

அந்த நாற்பது நிமிடப் படங்களுக்கு ஜன்னல் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள். விடிந்த புதிதில் வரும் வெளிச்சம் முகத்துக்கு அவ்வளவு இதமாக இருக்கும். அறையின் ஒரு மூலையையாவது முந்தின இரவே காலி செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டுப்புடவைக்குப் பின்னால் ஜவுளிக்கடைப் பையும், பாதி குடித்த காபி டம்ளரும் ஆல்பம் வரை வரும்.

படி 3: கூறைப்புடவை இடைவெளி

அட்டவணை சரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தட்டோடு புடவையை வாங்கிக்கொண்டு போன பெண் திரும்பி வர அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. மேடையில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறார், ஐயர் “பெண்ணை அழைச்சிண்டு வாங்கோ” என்று மூன்றாவது தடவை குரல் கொடுக்கிறார். இதற்கு நல்ல வழி, புடவையை முந்தின நாளே மடிப்பு எடுத்து, அயர்ன் செய்து, பின் குத்தித் தட்டில் வைத்துவிடுவது. அதற்குரிய ரவிக்கை, நகை எல்லாம் தனிப் பையில் தயாராக இருக்கட்டும். உள்ளே மேக்கப் போடுபவரும் கூட ஒருவரும் போதும். அத்தைமார் ஆறு பேர் வேண்டாம். இவ்வளவும் செய்தாலும் திட்டத்தில் 25 நிமிடத்துக்குக் குறைத்துப் போடாதீர்கள்.

படி 4: கெட்டிமேளத்தின்போது யார் எங்கே?

கெட்டிமேளம் கொட்டியதும் சபையே எழுந்து நிற்கும். அட்சதை பறக்கும், செல்போன்கள் உயரும். மேடைக்கு முன்னால் போட்டோவுக்கு ஓர் இடம், வீடியோவுக்கு ஓர் இடம் விட்டு வைக்கச் சொல்லி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியை நிறுத்துங்கள். மூன்றாவது முடிச்சுப் போட வரும் நாத்தனாரிடம் பெண்ணுக்கு நேர் பின்னால் நிற்கும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கவாட்டில் குனிந்தால் பெண்ணின் முகம் மறைந்துவிடும். படம் சரியாக விழவில்லை என்று தாலியை மறுபடி கட்டுவதுபோல் போஸ் கொடுக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காது. வீட்டுப் பெரியவர்களுக்கும் பிடிக்காது.

படி 5: குடும்பப் படங்கள்

அம்மி மிதித்து அருந்ததி பார்த்ததும் இதை முடித்துவிடுங்கள். பந்திக்குப் போனவர்களைத் திரும்பக் கூட்டி வருவது லேசில்லை. பத்துக் குழுக்களுக்கு மேல் வேண்டாம். குழுவுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் இருபது நிமிடம் ஆகிறது. தாத்தா பாட்டி முதலில். பெயர் சொல்லிக் கூப்பிட இரு வீட்டிலும் ஒவ்வொருவர் வேண்டும். நல்ல குரலும் உறவு முறை தெரிந்த வாயும் உள்ள ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார்.

படி 6: ரிசப்ஷன்

முந்தின நாளே நடந்தாலும் இதைக் கடைசியில் திட்டமிடுங்கள், ஏனென்றால் இதுதான் வளைந்து கொடுக்கும். 400 பேர் நாலு நாலு பேராக மேடை ஏறினால் நூறு குழு. குழுவுக்கு அரை நிமிடம் என்றாலே 50 நிமிடம். பரிசு, குசலம் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். நடுவில் ஜோடி உட்கார்ந்து தண்ணீர் குடிக்கப் பத்து நிமிடம் விடுங்கள்.

ஜோடிப் படங்களை ரிசப்ஷனுக்கு முன்பே, மாலை 4.45க்கு வெளியில் எடுத்து முடித்துவிடலாம். முகூர்த்தம் முடிந்து பத்து மணி வெயிலில் நிறுத்தினால் கண் சுருங்கும், மேக்கப் வழியும். மாலைப் படங்களுக்கு மேக்கப் மதியம் 2 மணிக்கே தொடங்க வேண்டும்.

எல்லாம் ஆனதும் ஒரே பக்கத்தில் டைப் செய்து ஐயர், போட்டோகிராஃபர், மேக்கப் போடுபவர், மண்டப மேனேஜர், நாதஸ்வரக்காரர், கூப்பிடும் சித்தப்பாக்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போட்டோ, வீடியோ ஆட்களின் சாப்பாட்டு நேரத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள்: அருந்ததிக்கும் குடும்பப் படங்களுக்கும் பிறகு, 9.30 பந்தி.