பயாவ் போவதென்றால் பௌர்ணமிக்குப் போங்கள்

வட தாய்லாந்து போகிறவர்களில் பலர் சியாங் மாய், சியாங் ராய் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சியாங் ராய்க்குத் தெற்கே ஏரிக்கரையில் இருக்கும் பயாவுக்கு ஒரு இரவாவது ஒதுக்குங்கள், அதுவும் சரியான பௌர்ணமியாகப் பார்த்து.

ஏன் பௌர்ணமி? இங் ஆற்றின் குறுக்கே 1940-ஐ ஒட்டி மதகு கட்டியபோது தண்ணீர் ஏறி ஊர்களும் கோயில்களும் மூழ்கி, இன்றைய குவான் பயாவ் ஏரி உருவானது. மூழ்கியவற்றில் ஒன்று, வட தாய்லாந்தின் பழைய லன்னா ராஜ்ஜியத்து அரசர் திலோகராஜ் காலத்து வாட் திலோக் ஆராம் (வாட் என்றால் கோயில்). அங்கிருந்த புத்தர் கற்சிலையை 1983-ல் கண்டெடுத்து, 2007-ல் ஏரி நடுவே மேடை அமைத்துத் திரும்ப வைத்தார்கள். பெயர் லுவாங் போ சிலா. சிலா என்றால் கல், நம் சிலைக்கு உறவுக்காரச் சொல்தான். பௌர்ணமியில் வரும் பௌத்தத் திருநாள்களான மாக பூஜை, விசாக பூஜை, ஆசாள பூஜை ஆகிய மூன்று நாளும் மாலையில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பூவோடு படகில் ஏறி மூன்று முறை வலம் வருகிறார்கள். கோயிலைச் சுற்றி நடப்பதற்குப் பதில் துடுப்புப் போட்டுச் சுற்றுவது, அவ்வளவுதான். ஆனால் தண்ணீருக்குள் போய்விட்ட கோயிலை ஒரு ஊரே விட்டுக்கொடுக்காமல் இப்படிக் கும்பிடுவதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது.

தேதியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மாசி மகம், வைகாசி விசாகம் என்று நம் காலண்டரைப் பார்த்து டிக்கெட் எடுத்தால் சில வருடம் சரியாக இருக்கும், சில வருடம் ஒரு மாதம் தள்ளிப்போகும். 2024-ல் மாக பூஜையும் மாசி மகமும் ஒரே நாள், 2025-லோ பிப்ரவரி 12-ம் மார்ச் 12-ம். தாய்லாந்தின் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்ப்பதே பாதுகாப்பு. மூன்றும் விடுமுறை நாள் என்பதால் அறையையும் பஸ்ஸையும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கில் வயல், காடு எரியும் புகை இருக்கும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் விசாக பூஜைக்கு வருவது நல்லது. ஆசாள பூஜை ஜூலை வாக்கில் மழையோடு வரும்.

பயாவில் பயணிகள் விமானம் இறங்குவதில்லை. சியாங் ராயிலிருந்து பஸ்ஸில் சுமார் 2 மணி நேரம், சியாங் மாயிலிருந்து 3.

மாலைப் படகுக்கு முன் பகலில் வாட் சி கோம் காம் போய்விடுங்கள், அதுவும் ஏரிக்கரைதான். உள்ளே இருக்கும் பிரா சாவ் தோன் லுவாங் என்ற புத்தர் சிலை 16 மீட்டர் உயரம், 1491-ல் தொடங்கி முடிக்க 33 வருடம் ஆனது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி நீளக்கூடாது, பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. மலைமேல் இருக்கும் வாட் அனாலயோ சுமார் 20 கிலோமீட்டர். வண்டி பேசிக்கொண்டு போனால்தான் தோதுப்படும்.

சாப்பாடு பெரும்பாலும் ஏரி மீன்தான். சைவக்காரர்கள் 'ஜே' என்று சொல்லிக் கேளுங்கள், அப்போதுதான் மீன் சாஸும் சேர்க்க மாட்டார்கள்.

ஊர் ஏரியின் கிழக்குக் கரையில் இருப்பதால் சூரியன் எதிர்க்கரை மலைகளுக்குப் பின்னால் இறங்கும். அந்த நேரத்துக்குத் துறைக்கு வந்துவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே படகில் இடம் பிடிக்கலாம். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு முறை படகு எடுத்து அந்த மேடைக்குப் போய் வாருங்கள், கூட்டமில்லாமல் சிலை முன்னால் கொஞ்ச நேரம் உட்கார முடியும்.